வீட்டுக்கு எத்தனை வாய்?

மும்பை மாட்டுங்கா ரயில்வே பணிமனை ஃபிட்டர், ஆன்டாப் ஹில் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் வருமான வரி அலுவலக எழுத்தர், செம்பூரைத் தாண்டி அணுசக்தி நகரில் இருக்கும் பி.ஏ.ஆர்.சி. டெக்னீஷியன், கிங்ஸ் சர்க்கிளைக் காலையில் சுற்றிவரும் ஓய்வுபெற்ற ஸ்டெனோ. நாலு பேரின் கைபேசியிலும் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்து விழுகிறது: 2.86. இன்றைய குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாயை அதால் பெருக்கினால் 51,480. இது யார் போட்ட கணக்கு என்று கேட்டால், ‘குரூப்பில் வந்தது’ என்பதைத் தாண்டிப் பதில் இல்லை. அடுத்த வாரம் அதே குரூப்பில் 1.92 என்று வரும். அன்றைக்கு வீட்டில் காபி கசக்கும்.

எட்டாவது ஊதியக் குழு அமைக்கப்படும் என்று மத்திய அரசு அறிவித்தது 2025 ஜனவரி 16-ல். குழு என்னென்ன ஆராய வேண்டும் என்ற ஆய்வு வரம்புக்கு அமைச்சரவை ஒப்புதல் தரவே அக்டோபர் 28 ஆகிவிட்டது. நவம்பர் 3-ல் அரசிதழ் அறிவிப்பு. தலைவர், பம்பாய் உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போன நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய். அறிக்கை தர 18 மாத அவகாசம். அதாவது 2027 மே. அதுவரை கைபேசியில் வரும் எந்தப் பெருக்கு எண்ணும் வதந்திதான்.

அந்த எண்ணே கொஞ்சம் ஏமாற்றுக்காரன். 2016-ல் ஏழாவது குழு கொடுத்தது 2.57. சம்பளம் இரண்டரை மடங்கு ஆகிவிட்டதாக ஊர் பேசியது. அப்போது பஞ்சப்படி 125 சதவீதம். ஆக, கையில் ஏற்கெனவே வந்துகொண்டிருந்ததே 2.25 மடங்கு. நிஜமான உயர்வு 14 சதவீதத்துச் சொச்சம். இந்த முறையும் அதே கதைதான். 2025 ஜூலையில் பஞ்சப்படி 58 சதவீதம். 18,000 ரூபாய்க்காரர் கையில் அப்போதே 28,440 வந்தது. 1.92 கிடைத்தால் 34,560. கூடுதலாக வருவது ஆறாயிரத்துச் சொச்சம், அவ்வளவே.

ஆனால் தொழிற்சங்கங்கள் கவலைப்படுவது இந்தப் பெருக்கு எண்ணைப் பற்றி மட்டுமல்ல. அரசு கொடுத்த ஆய்வு வரம்பை எடுத்துப் படித்தால் அவர்களின் பயம் எங்கே இருக்கிறது என்று தெரியும். யாரைக் கணக்கில் எடுக்கிறார்கள், யாரை விடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. குடும்பத்தில் எத்தனை பேர், எந்தத் தேதியிலிருந்து, எந்தப் பென்ஷன்காரர் உள்ளே, எந்தத் தொழிலாளி வெளியே. இவை முடிவானபின் பெருக்கு எண் தானாக வந்து நிற்கும்.

மூன்று பேருக்குச் சோறு

குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு. அதன் வேர் குன்னூரில் இருக்கிறது. அங்கே ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தவர் டாக்டர் வாலஸ் அய்க்ராய்டு. உழைக்கும் மனிதனுக்கு நாளொன்றுக்கு இத்தனை கலோரி என்று அவர் போட்ட கணக்கை அடிப்படையாக வைத்து, 1957-ல் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு விதி வகுத்தது. ஆளுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு வருடத்தில் 72 கஜம் துணி, வாடகை, எரிபொருள் விளக்கு இத்யாதிக்கு 20 சதவீதம். குடும்பம் என்றால் மூன்று ‘நுகர்வு அலகு’. கணவன் ஒன்று, மனைவி 0.8, குழந்தைகள் இரண்டு பேருக்கும் தலா 0.6. கூட்டினால் மூன்று.

மனைவி ஏன் 0.8 என்று கேட்காதீர்கள். அறுபது வருடத்துக்கு மேலாக யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. மாட்டுங்காவிலும் தாராவியிலும் காலை நாலரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, டப்பா கட்டி, தானும் வேலைக்கு ஓடும் பெண்ணுக்குக் கலோரி குறைவாகப் போதும் என்று எழுதிய கையை நாம் பார்க்க முடியாது.

அதைவிடப் பெரிய ஓட்டை, இந்த மூன்றில் அப்பா அம்மா இல்லை. மும்பைத் தமிழன் ஒருவனின் சம்பளச் சீட்டைப் பார்த்தவர்களுக்கு இது உறைக்கும். திருநெல்வேலிக்கோ விழுப்புரத்துக்கோ மாதம் பிறந்ததும் பணம் போகும். அந்தக் காலத்தில் மணியார்டர், இப்போது ஜிபே. பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் சட்டக் கடமை என்று 2007-லேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது. சட்டத்தில் இருக்கும் பெற்றோர் சம்பளக் கணக்கில் மட்டும் ஏன் இல்லை என்பது சங்கங்கள் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வி. அரசே அமைத்த அனூப் சத்பதி தலைமையிலான நிபுணர் குழுகூட, 2019-ல், மூன்று அலகு போதாது, 3.6 என்று வைக்க வேண்டும் என்றது. அதே குழு கலோரியை 2,400 ஆகக் குறைத்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பதில் நம் குழுக்களுக்கு இணை கிடையாது.

சூத்திரத்துக்கு இன்னொரு தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. ரெப்டகாஸ் பிரெட் என்ற மருந்துக் கம்பெனிக்கு பம்பாயில் இரண்டு ஆலை, சென்னையில் ஒன்று. சென்னைத் தொழிலாளர்களின் பஞ்சப்படியில் கம்பெனி கைவைக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1991-ல் வந்த தீர்ப்பு, சோறும் துணியும் மட்டும் போதாது. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், பண்டிகை, கல்யாணம், முதுமை ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தில் 25 சதவீதம் சேர வேண்டும் என்றது. ஏழாவது குழு இந்தச் சூத்திரங்களை எல்லாம் வரிசையாகப் போட்டுத்தான் 18,000-க்கு வந்தது. அதே சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சங்கங்கள் 26,000 கேட்டன. எட்டாயிரம் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? துவரம்பருப்பு என்ன விலை என்பதிலிருந்து தொடங்கி வந்தது. குழு எடுத்தது தொழிலாளர் பணியகம் தந்த சராசரி விலை. சங்கங்கள் எடுத்தது கடையில் விற்ற விலை.

2016-ல் இதற்காகத்தான் ஜூலை 11 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று அறிவித்தார்கள். அந்தத் தேதிக்கு ஒரு பரம்பரை உண்டு. 1946 ஜூலை 11-ல் தபால்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுக்கு ஆதரவாக 22-ம் தேதி பம்பாய் நகரமே நின்றது. நாட்டின் முதல் ஊதியக் குழு அமைந்து ஏறக்குறைய இரண்டு மாதமே ஆகியிருந்த நேரம் அது. தலைவர் நம்மூர் சீனிவாச வரதாச்சாரியார். அவர் குழு 1947-ல் தந்த குறைந்தபட்சம் பஞ்சப்படியோடு 55 ரூபாய். அடுத்து 1960 ஜூலை 11 நள்ளிரவு. 1957 மாநாட்டுச் சூத்திரத்தை இரண்டாவது குழு ஏற்க மறுத்ததை எதிர்த்து மத்திய அரசு ஊழியர்கள் ஐந்து நாள் வேலையை நிறுத்தினார்கள். அரசு அவசரச் சட்டம் போட்டு அடக்கியது.

2016-ல் அப்படி எதுவும் நடக்கவில்லை. ராஜ்நாத் சிங், அருண் ஜேட்லி, சுரேஷ் பிரபு மூவரும் சங்கத் தலைவர்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். குறைந்தபட்சச் சம்பளத்தை உயர்த்துவதைப் பரிசீலிப்போம் என்று வாக்குறுதி. போராட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 18,000 இன்றும் 18,000-தான். இன்றைய கேட் மீட்டிங்குகளில் தலைவர்களின் பேச்சை இளைஞர்கள் கொஞ்சம் சந்தேகக் கண்ணோடு கேட்கிறார்கள் என்றால், அதற்கு அந்த ஜூலையும் ஒரு காரணம்.

தேதியில் இருக்கிறது சூட்சுமம்

புதிய சம்பளம் 2026 ஜனவரி 1 முதல் என்று ஆய்வு வரம்பில் ஓரிடத்திலும் இல்லை. அமலாகும் தேதியை அரசு முடிவு செய்யும் என்று நாடாளுமன்றத்தில் பதில் வந்தது. பத்து வருடத்துக்கு ஒருமுறை என்ற வழக்கம் இருக்கும்போது ஏன் பயப்பட வேண்டும் என்று வெளியாள் கேட்கலாம். சூடு கண்ட பூனை அப்படிக் கேட்காது.

ஏழாவது குழுவின் அடிப்படைச் சம்பளம் 2016 ஜனவரியிலிருந்து கணக்கிடப்பட்டது. ஆனால் வீட்டு வாடகைப்படி உள்ளிட்ட படிகள் 2017 ஜூலையிலிருந்துதான். நடுவில் 18 மாதம் பழைய சம்பளத்துக்கே பழைய படி, அரியர்ஸ் கிடையாது. கொரோனா வந்தபோது 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை பஞ்சப்படி உயர்வு மூன்று தவணை நிறுத்தப்பட்டது. அரசுக்கு மிச்சமான தொகை 34,402 கோடி ரூபாய். அதுவும் திரும்பி வரவில்லை. அதுவும் 18 மாதம்தான் என்பது தற்செயல்.

வாடகைப்படி விஷயம் மும்பைக்காரருக்கு மற்றவர்களைவிட அதிகம் வலிக்கும். ஆறாவது குழுவில் 30 சதவீதம் வாங்கியவர்களை ஏழாவது குழு 24-க்கு இறக்கியது. பஞ்சப்படி 25-ஐத் தாண்டியதும் 27, ஐம்பதைத் தொட்டதும் 30 என்று ஏறி, 2024-ல்தான் பழைய இடத்துக்கு வந்தது. கடைநிலை ஊழியருக்கு இப்போது வாடகைப்படி 5,400 ரூபாய். மும்பைக்கும் அதே விகிதம், அகமதாபாத்துக்கும் அதே விகிதம். 5,400 ரூபாய்க்கு தாராவி தொண்ணூறு அடி ரோடு சந்துக்குள் பத்துக்குப் பத்து அறை கிடைக்குமா என்று வாசகர்களே சொல்லட்டும். பெருநகரங்களுக்கென்று தனியாக இருந்த நகர ஈட்டுப்படியையும் ஆறாவது குழு எடுத்துவிட்டது, போக்குவரத்துப்படியில் கரைந்துபோயிற்று. புதிய குழுவும் சதவீதத்தை மறுபடி கீழே இறக்கி, ‘அடிப்படைச் சம்பளம்தான் கூடிவிட்டதே’ என்று சொன்னால், மும்பை, டெல்லி ஊழியருக்கே அடி பலமாக விழும்.

பென்ஷன்காரர் எங்கே?

மாட்டுங்காவில் இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு குறைவு. ஷார்ட்ஹேண்ட் நோட்டோடு பம்பாய்க்கு ரயிலேறிய தலைமுறையின் பிள்ளைகளும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஏ.ஜி. அலுவலகம், சுங்கம், ரயில்வே, தபால் தந்தி என்று வேலை பார்த்துவிட்டு இன்று பென்ஷனில் இருப்பவர்களிடம் நல்ல வக்கீலுக்கு இணையான சட்ட அறிவு உண்டு. டி.எஸ். நகாரா வழக்கு என்று சொல்லிப் பாருங்கள். 1982 டிசம்பர் 17. ஓய்வுபெற்ற தேதியை வைத்து ஒரே மாதிரியான பென்ஷன்காரர்களை இரண்டாகப் பிரிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு சொன்ன நாள். தலைமை வகித்தவர் நம்ம மகாராஷ்டிரத்து ஒய்.வி. சந்திரசூட். அந்த நாளைத்தான் பென்ஷனர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

2025 மார்ச்சில் நிதி மசோதாவோடு சேர்த்து ஒரு சட்டப் பிரிவு நிறைவேறியது. ஓய்வுபெற்ற தேதியை வைத்துப் பென்ஷன்காரர்களை வேறுபடுத்த அரசுக்கு அதிகாரம் இருந்துவந்திருக்கிறது, இருக்கிறது என்று அது சொல்கிறது. இருக்கும் நடைமுறையை உறுதிசெய்ததுதான், யாருக்கும் பாதகம் இல்லை என்று அரசு விளக்கம் தந்தது. நகாரா தீர்ப்புக்குக் குழி தோண்டப்படுகிறது என்று சங்கங்கள் சொல்கின்றன. இந்தப் பின்னணியில் ஆய்வு வரம்பு வந்தபோது அதில் பழைய பென்ஷன்காரர்களைப் பற்றி வெளிப்படையாக எதுவும் இல்லை. பாதுகாப்புத் துறை ஊழியர் சம்மேளனத்தின் பொதுச் செயலாளர் சி. ஸ்ரீகுமார் முதல் பலரும் எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். பின்னர் நாடாளுமன்றத்தில், பென்ஷன் பற்றியும் குழு பரிந்துரைக்கும் என்று அரசு சொன்னது. 50.14 லட்சம் ஊழியர், ஏறத்தாழ 69 லட்சம் பென்ஷன்காரர் என்ற கணக்கும் அப்போதுதான் வெளிவந்தது. வேலை பார்ப்பவர்களைவிட ஓய்வில் இருப்பவர்கள் அதிகம். அரசின் பயமும் அங்கேதான்.

அந்தப் பயத்துக்கு ஆய்வு வரம்பில் ஒரு வாசகம் இருக்கிறது: ஊழியர் பங்களிப்பு இல்லாத பென்ஷன் திட்டங்களின், நிதி ஒதுக்கப்படாத செலவு. அதைக் குழு மனத்தில் வைக்க வேண்டுமாம். 2004-க்கு முன் சேர்ந்தவர்களின் பழைய பென்ஷன் ஒரு சுமை என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிட்டு, இப்போது நடுநிலையாக ஆராயுங்கள் என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

பழைய பென்ஷனுக்காக மும்பை பார்த்த பெரிய போராட்டம் மாநில அரசு ஊழியர்களுடையது. 2023 மார்ச் 14 முதல் ஏழு நாள், ‘ஏகச் மிஷன், ஜுனி பென்ஷன்’ என்ற கோஷத்தோடு மகாராஷ்டிரம் முழுக்கச் சுமார் 17 லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். ஜே.ஜே. மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. முதல்வர் ஏக்நாத் ஷிண்டேயின் வாக்குறுதிக்குப் பின் 20-ம் தேதி முடிந்தது. கிடைத்தது பழைய பென்ஷன் அல்ல. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்த ஒருங்கிணைந்த பென்ஷன் திட்டத்தை மறுநாளே மகாராஷ்டிரம் முதல் மாநிலமாக ஏற்றுக்கொண்டது. 25 வருடப் பணி முடித்தால் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மத்திய அரசில் புதிய பென்ஷனில் இருக்கும் சுமார் 23 லட்சம் பேரில் 2025 நவம்பர் இறுதிவரை இதற்கு மாறியவர்கள் 1.22 லட்சம்தான். ஊழியர்களின் தீர்ப்பு அந்த எண்ணிலேயே இருக்கிறது.

சாலைக்கு அந்தப் பக்கம்

செம்பூரிலிருந்து டிராம்பே நோக்கிப் போனால் ஒருபுறம் ஆர்.சி.எஃப். உரத் தொழிற்சாலை, மாகுல் பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், அப்புறம் பி.ஏ.ஆர்.சி. எல்லாம் அரசின் சொத்துதான். ஆனால் பொதுத்துறை ஆலைத் தொழிலாளி சங்கம் வழியாக நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போடுகிறார். பி.ஏ.ஆர்.சி. ஊழியருக்கு அந்த மேசை கிடையாது. ஒரு நீதிபதி, ஒரு பேராசிரியர், ஓர் அதிகாரி சேர்ந்த குழுவிடம் அவர் மனு கொடுக்கலாம். குழுவில் தொழிலாளர் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை. 1966 முதல் கூட்டு ஆலோசனை அமைப்பு ஒன்று இருக்கிறது, பெயரிலேயே ஆலோசனை.

பொதுத்துறைக்குச் சமமான சம்பளம் வேண்டும் என்பது 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. பம்பாயில் வளர்ந்த தலைவர் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ், இருபது நாள், 17 லட்சம் தொழிலாளர்கள், ஆயிரக்கணக்கில் கைது. தமிழ்நாட்டில் 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள் 1.7 லட்சம் பேர், டெஸ்மா எனும் மாநில அத்தியாவசியப் பணிகள் சட்டத்தில் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். டி.கே. ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமையே இல்லை என்றது. பேரமும் பேச முடியாது, நிறுத்தவும் கூடாது என்றால் மனு ஒன்றுதான் மிச்சம்.

அந்த ரயில்வே வேலைநிறுத்தத்துக்கு ஐம்பது வருடம் கழித்து, பொதுத்துறை மட்டுமல்ல, தனியார் துறையின் சம்பளத்தையும் பாருங்கள் என்று ஆய்வு வரம்பே சொல்கிறது. கேட்டது கிடைத்துவிட்டது போலத் தோன்றும். தனியார் ஒப்பீடு மேலே இருப்பவர்களை உயர்த்தும். கீழே இருப்பவர்களை இழுத்துவிடும். ஏழாவது குழு அகமதாபாத் ஐ.ஐ.எம்-மைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தது. அரசின் கடைநிலை உதவியாளருக்கு எல்லாம் சேர்த்து 22,579 ரூபாய் கிடைக்கிறது. வெளியே அதே வேலைக்கு 8,000 முதல் 9,500 வரைதான் என்று அறிக்கையில் பதிந்திருக்கிறது. அரசாங்கம் ஏற்கெனவே தாராளமாகத்தான் கொடுக்கிறது என்று வாதிக்க இதைவிட வசதியான வரி வேண்டியதில்லை.

அந்த எட்டாயிரம் ரூபாய்க்காரர் எங்கே இருக்கிறார்? தாராவியில் இருக்கிறார். தோல் பட்டறையில், தையல் கூடத்தில், அப்புறம் மாநகராட்சியின் குப்பை லாரியிலும் இருக்கிறார். ‘பதினெட்டாயிரமும் பென்ஷனும் வாங்குகிறவனுக்கு இன்னும் என்ன குறை?’ என்று அவர் கேட்டால், அரசு ஊழியர் சங்கம் முகம் சுளிக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

கச்ரா வாஹதூக் ஷ்ரமிக் சங்கத்தின் கதை இங்கே சொல்லியாக வேண்டும். மும்பை மாநகராட்சியில் ஒப்பந்த அடிப்படையில் குப்பை அள்ளிய தொழிலாளர்களுக்காக மிலிந்த் ரானடே தலைமையில் நின்ற சங்கம் அது. அவர்கள் தொழிலாளர்களே அல்ல, தன்னார்வலர்கள் என்றுகூட மாநகராட்சி வாதாடிப் பார்த்தது. தினமும் விடிகாலையில் மும்பையின் குப்பையைத் தலையில் தூக்கும் தன்னார்வம்! தொழில் தீர்ப்பாயத்தில் 2014-ல் வென்று, 2017 ஏப்ரல் 7-ல் உச்ச நீதிமன்றத்திலும் வென்றார்கள். 2,700 பேரை நிரந்தரமாக்க உத்தரவு. அதற்குப் பிறகும் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, ஆதாரில் வேறு மாதிரி இருக்கிறது என்று பலருக்கு வேலை உத்தரவு இழுத்தடிக்கப்பட்டது. ‘காயம்’ என்று மராத்தியில் சொல்கிறார்களே, அந்த நிரந்தரப் பட்டியலில் ஏறுவதற்குள் பலருக்குப் பாதி ஆயுள் போய்விட்டது.

நிரந்தர ஊழியர் அமைப்புகள் பல இந்த மாதிரிச் சண்டைகளில் காட்டிய அக்கறை போதாது என்பதே என் எண்ணம். காலியிடம் நிரப்பப்படாமல் ஒப்பந்தக்காரர் கைக்குப் போனபோது கண்டன அறிக்கை விட்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களை உறுப்பினராகச் சேர்த்த சங்கங்கள் கொஞ்சம்தான். அதன் விலையை இப்போது கொடுக்கிறார்கள். வெளியே விட்டவனின் 9,000 ரூபாய், உள்ளே இருப்பவனின் சம்பளத்தை அளக்கும் முழக்கோலாகிவிட்டது. ஐந்தாவது குழுவின் தலைவர், நெல்லைச் சீமையின் திருப்புடைமருதூரில் பிறந்த நீதிபதி எஸ். ரத்தினவேல் பாண்டியன், 1997-லேயே பத்து வருடத்தில் 30 சதவீத ஆட்குறைப்பு என்று பரிந்துரைத்தார். சங்கங்கள் போராடிச் சம்பள நிர்ணய உயர்வை 20-லிருந்து 40 சதவீதமாக்கின. வெற்றிதான். ஆட்குறைப்பை அரசு முறைப்படி ஏற்கவில்லை. காலியிடங்களை நிரப்பாமல் விட்டாலே அது நடந்துவிடும் என்று கண்டுகொண்டது.

அரசு பக்கத்தின் கணக்கையும் மறைக்க வேண்டாம். ஏழாவது குழுவின் வருடச் செலவு 1.02 லட்சம் கோடி என்று மதிப்பிடப்பட்டது. மத்திய அரசு கொடுத்தால் மாநிலங்களும் பின்னாலேயே கொடுக்க வேண்டும். மகாராஷ்டிரமோ தமிழ்நாடோ அந்தப் பணத்தை வானத்திலிருந்து இறக்க முடியாது. ஆனால் 2,50,000 அடிப்படைச் சம்பளம் வாங்கும் அமைச்சரவைச் செயலாளரையும் 18,000 வாங்கும் டிராக்மேனையும் ஒரே பெருக்கு எண்ணால் உயர்த்தத்தான் வேண்டுமா என்று ஒரு குழுவாவது கேட்டிருக்கலாம். ஏழாவது குழு செய்தது வேறு: கீழே 2.57, மேலே போகப்போகக் கொஞ்சம் கூடுதல்.

கிராமிய அஞ்சல் ஊழியர்கள் இரண்டரை லட்சம் பேரையும் குழு வரம்புக்குள் கொண்டுவர வேண்டும் என்று மத்திய அரசு ஊழியர் மகா சம்மேளனம் கேட்டிருக்கிறது. நல்ல கோரிக்கை. அலுவலக வாசலில் நிற்கும் ஒப்பந்தக் காவலாளி, பணிமனைக் கழிவறையைக் கழுவும் ஒப்பந்தப் பெண், குப்பை லாரிக்காரர் ஆகியோருக்கும் குறைந்தபட்சம் அரசின் கடைநிலைச் சம்பளம் வேண்டும் என்று அதே அழுத்தத்தோடு கேட்டால், தனியார் ஒப்பீடு என்ற ஆயுதமே மழுங்கிப்போகும். சங்கங்கள் குழுவிடம் தரும் மனு ஒவ்வொன்றும் தடித்த புத்தகமாக இருக்கும். அது கைக்கு வந்தால் பெருக்கு எண் என்ன என்று தேடமாட்டேன். ஒப்பந்தத் தொழிலாளி எந்தப் பக்கத்தில் வருகிறார் என்றுதான் முதலில் புரட்டுவேன்.